கம்போங் செராய் லிஃப்ட்டின் கடைசிப் பயணம்

கம்போங் செராய் ரயில் நிலையத்துக்கு வரலாறு கிடையாது. திறந்து பத்து வருடம்தான் ஆகிறது. அதற்கு முன் அங்கே லாலாங் புல் இருந்தது. புல்லுக்குள் ஒரு வாத்துப் பண்ணை இருந்தது. இந்தக் குறை எங்கள் பேட்டையில் யார் கண்ணிலும் பட்டதில்லை. காலையில் ஆங் மோ கியோவுக்கு வேலைக்குப் போகிறவனுக்கு ரயில் வந்தால் போதும். கூடவே வரலாறும் வந்தால் அதற்கு நிற்க இடம் இருக்காது.

ரயிலை ஓட்டும் புறநகர் ரயில் கழகத்துக்குத்தான் அது உறுத்தியது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு மரபு இருந்தாக வேண்டும், இல்லாத நிலையங்கள் நிதியாண்டு முடிவதற்குள் ஒன்றைப் பெற்றுவிட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. உடனே மேல்தளத்தில் ரயில் மேடையை ஒட்டிப் பயணிகள் உட்கார நாற்காலி போட்டிருந்த இடத்தைத் தடுத்து ‘நிலைய மரபு அலுவலகம்’ திறந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றுகொண்டார்கள். இந்த ஊரில் எழுந்து நிற்கச் சொன்னால் ஏன் என்று கேட்கிற பழக்கம் இல்லை.

அலுவலகத்துக்குத் துணை இயக்குநராகத் திருமதி சிவகாமசுந்தரி வந்தார். மலாயா ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கவென்றே யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறிய குடும்பம் அவருடையது. ஃபைலைக் கண்டால் எழுந்து நிற்கும் பரம்பரை. அவருக்கு உதவியாளர் மயூரன் என்ற இளைஞர். கையில் எப்போதும் ஒரு டேப்லட் இருக்கும். இருவரும் நிலையம் முழுக்கச் சுற்றி மரபைத் தேடினார்கள். தரைக்கல் போன வருடம் மாற்றியது. நுழைவுக் கதவுகள் இரண்டு தடவை மாற்றியது. பெயர்ப்பலகையில் பெயின்ட் வாசம் இன்னும் போகவில்லை. எதைத் தொட்டாலும் புதிது. கடைசியில் லிஃப்ட் அகப்பட்டது.

கீழேயிருந்து ரயில் மேடைக்குப் போக எங்கள் நிலையத்தில் இருப்பது அந்த ஒரு லிஃப்ட்தான். அடிக்கடி நின்றுபோகும், பிறகு தானே ஓடும். புகார் போகும், பதில் வரும், ஆள் வரமாட்டான். இப்படிப் பத்து வருடமாக யாரும் கைவைக்காததால் அதில் எல்லாமே அசலாக இருந்தன. அது ஒரேயடியாக நின்றுபோன வாரத்தில்தான் இவர்கள் கண்ணிலும் பட்டது. ஒருவழியாக உதிரிப்பாகத்தோடு வந்த மெக்கானிக்கைச் சிவகாமசுந்தரி வாசலிலேயே மறித்தார். புதுப் பாகத்தைப் பொருத்தினால் அசல்தன்மை கெட்டுவிடும் அல்லவா? சுற்றிலும் சிவப்புக் கயிறு கட்டி, ‘கம்போங் செராய் மின்தூக்கி: நம் மரபு, நம் பெருமை. தொடாதீர்’ என்று நான்கு மொழியிலும் எழுதிவைத்தார்கள்.

இந்தப் பெருமையில் மாட்டிக்கொண்டவர் எங்கள் புளோக்கின் அஹமது கபீர். வாழ்நாள் முழுக்க மூக்குக் கண்ணாடிக் கடை நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி மர்யமுக்கு இரண்டு முட்டியிலும் அறுவை சிகிச்சை நடந்து, இப்போதைக்குச் சக்கர நாற்காலி. லிட்டில் இந்தியாவில் மர்யமின் அக்கா இருக்கிறாள். அந்த லாத்தாவின் மகன் ரய்யானுக்கு நிக்காஹ் வைத்திருந்தார்கள். டாக்சியில் போகலாமே என்பீர்கள். டாக்சியில் ஏறினால் மர்யமுக்கு இரண்டாவது சிக்னலில் தலை சுற்றும், மூன்றாவதில் வாந்தி. பஸ்ஸிலும் அதே கதை. அவளுக்கு ஒத்துக்கொள்ளும் ஒரே வாகனம் ரயில்.

"நிக்காஹ்வுக்கு நான் போவலேன்னா லாத்தா என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டா. லிஃப்ட்ட ஓட வைங்க, இல்லாட்டி என்னைய முதுகுல தூக்கிக்கிட்டுப் போங்க. ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணுங்க" என்றாள் மர்யம்.

கபீர் தன் முதுகை நினைத்துப் பார்த்தார். புகார் கொடுப்பது என்று முடிவு செய்தார்.

லிஃப்ட் பக்கத்துச் சுவரில் ‘உங்கள் கருத்து எங்கள் பொக்கிஷம்’ என்று ஒரு கியூஆர் குறி இருந்தது. கைப்பேசியைக் காட்டியதும், பெயர் சொல்லி நலம் விசாரித்துவிட்டு, லிஃப்ட் பற்றிய புகார்களுக்கு லிஃப்ட்டில் ஏறி மேல்தளத்துக்கு வரும்படி சொன்னது. கபீர் படியேறினார். மேலே மயூரன் முகம் மலர வரவேற்றார்.

"வாங்க அங்கிள்! லிஃப்ட் பத்தியா? சூப்பர். உக்காருங்க, ரெக்கார்ட் பண்ணிக்கறேன்."

"தம்பி, லிஃப்ட் வேலை செய்யல."

"கரெக்ட். வேலை செஞ்சப்ப உங்களுக்கு எப்படி ஃபீல் ஆச்சு?"

கபீர் யோசித்தார். அப்படி ஒன்றும் விசேஷமாகத் தோன்றியதில்லை. "ஏறுவோம், இறங்குவோம். அவ்வளவுதான்."

"வாவ்" என்றார் மயூரன். "எவ்வளவு பவர்ஃபுல்லா சொல்றீங்க அங்கிள்!"

"தம்பி, என் வைஃபு வீல்சேர்ல இருக்கா. சனிக்கிழமை நிக்காஹ்வுக்குப் போவணும்."

"அதையும் சொல்லுங்க. எமோஷனல் கனெக்‌ஷன் வேணும்."

நாலு நாள் கழித்துக் கபீர் நிலையத்தின் பக்கம் போனபோது, சுவரில் ஆள் உயரத்துக்கு அவர் படம் தொங்கியது. கீழே பெரிய எழுத்தில் ‘“ஏறினோம். இறங்கினோம்.” – மரபுப் பயணி அஹமது கபீர்’ என்று இருந்தது. பக்கத்தில் காதில் மாட்டிக் கேட்கும் கருவி ஒன்று. அதில் கபீர் தம் குரலிலேயே லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் புல்லாங்குழல் ஒலித்தது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

கபீர் விடவில்லை. துணை இயக்குநரையே பார்த்தார். சிவகாமசுந்தரி சாய்மான நாற்காலியில் அமர்ந்திருந்தார். பயணிகளின் நாற்காலிகளை எடுத்துவிட்ட பிறகு அந்தத் தளத்தில் மிஞ்சியிருந்தவை அதுவும் பேட்டி கொடுப்பவர்களுக்கான ஒரு ஸ்டூலும்தான்.

"ஐயா, தங்கள் வருத்தத்தை நான் மதிக்கிறேன். அதைக் காட்சிக்கும் வைத்திருக்கிறேன்" என்றார் அவர் வானொலித் தமிழில். "ஆனால் எண்ணிப் பாருங்கள். ஒரு மின்தூக்கி மக்களை மேலே கொண்டுபோவது பெரிய காரியமா? எல்லா மின்தூக்கியும் அதைத்தான் செய்கிறது. மேலே கொண்டுபோகாமலே மக்கள் மனத்தில் இடம்பிடிப்பதுதான் அரிது."

"சரிதாம்மா. ஆனா சனிக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் ஓட விட்டீங்கன்னா..."

"ஓடும் ஐயா! சனிக்கிழமைதான் எங்கள் பத்தாம் ஆண்டு விழா. கழகத் தலைவர் இதில் நினைவுப் பயணம் மேற்கொள்கிறார். அன்று மட்டும் புதிய பாகத்தைப் பொருத்துகிறோம். தலைவர் மேலே போனதும் அதைக் கழற்றிவிட்டு, பழுதான அசல் பாகத்தைத் திரும்பப் பொருத்திக் கண்ணாடி போட்டு மூடிவிடுவோம்."

கபீருக்கு உயிர் வந்தது. "அப்ப அதே நேரத்துல என் வைஃபும்..."

"ஒரே ஒரு பயணம்தான் ஐயா. ஏறுவோர் பட்டியல் அச்சுக்குப் போய்விட்டது."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பது இதுதான். கபீர் முகம் வாடியதைப் பார்த்து மயூரன் மனம் இளகினார். சக்கர நாற்காலிப் பயணிகளைக் கழகம் மறந்துவிடவில்லை, அவர்களுக்கென்றே ஒரு சேவை இருக்கிறது, ஆன்ட்டியை அழைத்து வாருங்கள் என்றார்.

மறுநாள் கபீர் மர்யமைத் தள்ளிக்கொண்டு போனார். மயூரன் கீழே இறங்கி வந்து அவள் கண்ணில் பெரிய கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டினார். அதற்குள் சினிமாபோல லிஃப்ட் தெரிந்தது. கதவு திறந்தது, மூடியது, மேலே போனது, மலர்கள் தூவப்பட்டன, தலைவர் தோன்றிக் கையசைத்தார். மர்யம் இருந்த இடத்திலேயே சக்கர நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். தலைவர் இரண்டாவது தடவை கையசைத்தபோது வாந்தி எடுத்துவிட்டாள்.

"ரியாக்‌ஷன் செம ஸ்ட்ராங்" என்று மயூரன் டேப்லட்டில் குறித்துக்கொண்டார்.

வாயைக் கழுவிக்கொள்ள இருவரும் நிலையத்தை ஒட்டியிருந்த உணவங்காடிக்குப் போனார்கள். மதிய நேரம், நல்ல கூட்டம். ஒரு மேசை மட்டும் காலியாக இருந்தது. அதன்மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட். பக்கத்தில் கோட்டு சூட்டு போட்ட ஆள் ஒருவர் கொதிக்கும் லக்சா கிண்ணத்தைக் கையில் ஏந்தி, விரல் சுட, காலை மாற்றி மாற்றி நின்றார். உட்காரவில்லை. எப்படி உட்காருவார்? யாரோ சாப்பாடு வாங்கப் போகும்போது அந்தப் பாக்கெட்டை வைத்து இடம் பிடித்திருக்கிறார்கள். இந்த ஊரில் அதற்கு ‘ச்சோப்’ பண்ணுவது என்று பெயர். சூயிங்கம்முக்கும் எச்சில் துப்புவதற்கும் சட்டம் போட்டு, அபராதம் போட்டு, அப்படியும் மீறுகிறவன் மீறுகிறான். டிஷ்யூ பாக்கெட்டுக்குச் சட்டமே கிடையாது, மீறியவனும் கிடையாது.

மர்யம் அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் லக்சா ஆறிப்போயிற்று.

சனிக்கிழமை வந்தது. மர்யம் பச்சைப் பட்டுடுத்தி, அத்தர் பூசி, லாத்தாவின் மருமகளுக்கு வாங்கிய வளையலை மடியில் வைத்துக்கொண்டாள். "எல்லாரும் போனதுக்கு அப்புறம் கெஞ்சிக் கேக்கலாம் மர்யம்" என்று கபீர் சொல்லிக்கொண்டே தள்ளினார். அவருக்கே நம்பிக்கை இல்லை.

லிஃப்ட்டின் முன்னால் பந்தல், சிவப்புக் கம்பளம், வாசலுக்குக் குறுக்கே நாடா, பீஹூன் சேமியாத் தட்டுகள், பலூன். கபீர் வந்ததும் மயூரன் ஓடிவந்து அவர் தோளில் ‘மரபுப் பயணி’ என்று பொறித்த பட்டையை மாட்டி, முன்வரிசையில், லிஃப்ட் வாசலுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார். மர்யமின் சக்கர நாற்காலி கம்பளத்தைக் கசக்கும் என்று ஓரமாக வைக்கச் சொன்னார்.

சிவகாமசுந்தரி ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பிற நாடுகளில் ஒரு பொருள் பயனற்றுப் போன பிறகே அதைப் பாதுகாக்கிறார்கள். நம் கழகமோ மக்களுக்குத் தேவைப்படும்போதே பாதுகாத்துவிடுகிறது. பயணிகள் பயன்படுத்தியிருந்தால் இந்த மின்தூக்கி தேய்ந்திருக்கும். அவர்களைப் பயன்படுத்தவிடாமல் பார்த்துக்கொண்டவர்கள் நமது பராமரிப்புப் பிரிவினர். பத்தாண்டு காலம் இது பயணிகளைச் சுமந்தது; இனிப் பயணிகள் படியேறித் தம்மைத் தாமே சுமந்துகொண்டு இதன் நினைவைப் போற்றுவார்கள்!"

கைதட்டல். அடுத்துத் தலைவர் ஆங்கிலத்தில் பேச, மயூரன் தமிழில் சொன்னார். "தலைவர் சொல்றாங்க, அவங்களுக்கு ரயில்ல போற வாய்ப்பு இதுவரைக்கும் கிடைக்கல. ஆனா மேம்பாலத்துல கார்ல போறப்பல்லாம் ரயிலைப் பாத்து ரொம்பப் பெருமைப்படுவாங்களாம்."

மர்யம் ஓரத்திலிருந்து எட்டிக் கணவரின் பட்டையைப் பிடித்து இழுத்தாள். "என்னங்க, இவங்க பேசி முடிக்கறதுக்குள்ள நிக்காஹ் முடிஞ்சிரும். ரய்யானுக்குப் புள்ளையே பொறந்துரும்."

"என்ன செய்யச் சொல்ற? பட்டியல்ல நம்ம பேரு இல்லியே."

மர்யம் கைப்பையிலிருந்து ஒரு டிஷ்யூ பாக்கெட்டை எடுத்து அவர் கையில் திணித்தாள். "போய் ச்சோப் பண்ணுங்க."

"எதை?"

"லிஃப்ட்டத்தான்!"

கபீர் வாழ்நாளில் கோடு தாண்டியவர் அல்லர். ஆனால் மர்யம் சொன்னதைத் தாண்டியதும் இல்லை. மெக்கானிக் சரிபார்த்துவிட்டு லிஃப்ட் கதவைத் திறந்து வைத்திருந்தான். எல்லோரும் பேச்சு மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கபீர் நாடாவுக்கு அடியில் குனிந்து, பாக்கெட்டை லிஃப்ட் தரையின் நடுவில் வைத்துவிட்டு, பழைய இடத்தில் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

தலைவர் நாடாவை வெட்டினார். முரசு கொட்டியது. தலைவர் வலது காலைத் தூக்கினார். தூக்கிய காலை அப்படியே திரும்ப வைத்தார்.

"யாரோ இடம் பிடிச்சிருக்காங்க லா" என்றார் ஊர் ஆங்கிலத்தில்.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சந்தேகமே இல்லை. கைபடாத புது பாக்கெட், நட்டநடுவில். பாதுகாவலர், "சார், எடுத்துரவா?" என்றார். தலைவர் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தார். "எடுக்காதே! ஆள் திரும்பி வந்தா என்ன சொல்றது?"

சிவகாமசுந்தரி வழிகாட்டிக் கையேட்டைப் புரட்டினார். குண்டுவெடிப்புக்கு வழி இருந்தது, வெள்ளத்துக்கு இருந்தது, இதற்கு இல்லை. தலைவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அவரும் உணவங்காடியில் லக்சா கிண்ணத்தோடு நின்று வளர்ந்தவர்தானே. கடைசியில் பெருமூச்சு விட்டு, "பரவாயில்ல, படியில போறேன்" என்றார். பின்னால் அதிகாரிகள் பதவி வரிசைப்படி படியேறினார்கள். முரசுக்காரர்களும் முரசைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள்.

கபீர் மர்யமைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தார். பாதுகாவலர் குறுக்கே நின்றார். மர்யம் உள்ளே கை நீட்டினாள். "அது என்னுது."

அவ்வளவுதான். பாதுகாவலர் விலகி, கதவு மூடாமல் பிடித்துக்கொண்டார். "சாரி ஆன்ட்டி, ரொம்ப நேரமா உங்களுக்காகத்தான் காலியா வெச்சிருந்தோம்" என்றுகூடச் சொன்னார்.

மேலே அவர்கள் ரயிலுக்குக் காத்திருந்தபோதுதான் தலைவர் வந்து சேர்ந்தார். சட்டை தொப்பலாக நனைந்து, நெற்றியில் வேர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. மர்யம் பாக்கெட்டைப் பிரித்து ஒரு டிஷ்யூவை நீட்டினாள். "தேங்க் யூ, ஆன்ட்டி" என்று வாங்கித் துடைத்துக்கொண்டார். ரயில் வந்தது.

நிக்காஹ்வில் லாத்தா மர்யமைக் கட்டிக்கொண்டு அழுதாள். மர்யமும் அழுதாள். சாயங்காலம் பிரியாணிப் பொட்டலத்தோடு இருவரும் கம்போங் செராயில் இறங்கியபோது, லிஃப்ட்டைக் கண்ணாடி போட்டு மூடியிருந்தார்கள். பழுதான பாகம் அதன் இடத்துக்குத் திரும்பியிருந்தது. காலையில் பட்ட பாடெல்லாம் ஏறுவதற்குத்தான். இறங்குவதைக் கபீர் நினைக்கவே இல்லை.

மயூரன் ஓடிவந்தார். கையில் கறுப்புக் கண்ணாடி. "கவலைப்படாதீங்க ஆன்ட்டி. இறங்குற வெர்ஷனும் ரெடி!"

மர்யம் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மரபு அலுவலகத்துக்குள் தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனாள். சிவகாமசுந்தரி கோப்பி வாங்கப் போயிருந்தார். மர்யம் பையைத் திறந்து, இன்னொரு புது டிஷ்யூ பாக்கெட்டை எடுத்து, அந்தச் சாய்மான நாற்காலியின் நடுவில் வைத்தாள்.

சிவகாமசுந்தரி வந்தார். உட்காரப் போனவர் அப்படியே நின்றார்.

"இது யாருடையது?"

"என்னுதுதான்."

"நீங்கள்தான் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறீர்களே அம்மா?"

"ஆமா. அது அப்புறத்துக்கு."

சிவகாமசுந்தரி ஸ்டூலைப் பார்த்தார். அதில் கபீர் பிரியாணியோடு உட்கார்ந்துவிட்டார். விழா அறிக்கை அன்று இரவுக்குள் மேலிடத்துக்குப் போயாக வேண்டும். துணை இயக்குநர் நின்றுகொண்டே எழுதினார். காலை மாற்றி மாற்றி நின்றார். காலையிலிருந்து குதிகால் செருப்பில் நின்ற கால். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் ஒரு தடவை நாற்காலியைப் பார்த்தார்.

"மேடம், நானே எடுத்துரட்டா? யாரும் பாக்கல" என்றார் மயூரன் மெதுவாக.

"மயூரன்! நாமென்ன காட்டுமிராண்டிகளா?"

இன்னும் கொஞ்சம் எழுதினார். பிறகு பேனாவை மூடிவிட்டு, வானொலித் தமிழை விட்டுவிட்டு, கைப்பேசியில் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். "எங்க இருக்கீங்க? அந்தப் புதுப் பார்ட்ட எடுத்துக்கிட்டு உடனே வாங்க. ஆமா, திரும்பவும்தான். கேள்வி கேக்காதீங்க, எனக்குக் கால் வலிக்குது."

கண்ணாடி கழன்றது. பாகம் மாறியது. லிஃப்ட் கதவு திறந்தது. மர்யம் நாற்காலியிலிருந்த பாக்கெட்டை எடுத்துக்கொண்டாள்.

"இப்ப உக்காருங்க புள்ள" என்றாள் வாஞ்சையாக.

லிஃப்ட் இறங்கியது. அவளுக்குத் தலை சுற்றவில்லை. கீழே வந்ததும் மர்யம் அந்தப் பாக்கெட்டைப் பைக்குள் போடாமல், மற்றவர்கள் ஏற இடம் விட்டு, லிஃப்ட்டின் ஒரு மூலையில் வைத்துவிட்டு வந்தாள்.

கண்ணாடி போட வந்தவர்கள் இதுவரை இரண்டு தடவை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஆள் வருவாங்க போல என்று திரும்பிப் போயிருக்கிறார்கள். லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது.